ஒயின் என்று சொல்லவில்லையே

கரியமாணிக்கம்
14.11.2024

அன்பு அண்ணனுக்கு,

தனக்கொடி எழுதுகிறேன். போனில் சொன்னால் வீட்டுக்காரர் காதில் விழும், அதனால் கடிதம். சிரிக்காதே.

நீ கொடுத்தனுப்பிய வெள்ளை ஒயினை, லீவில் வந்த உன் சிநேகிதர் நாகராஜன் தீபாவளிக்கு முன்பே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நீ வேலை செய்யும் ழூராப் பக்கத்து ஒயின் பிரான்சிலேயே பலருக்குத் தெரியாது, மாப்பிள்ளை ருசி பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாய்.

உன் மாப்பிள்ளை வைகாசியில்தான் அம்மன் கோயிலில் சத்தியம் செய்து, கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டார். கூடவே பேச்சையும் விட்டுவிட்டார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், சாப்பிடுவார், படுப்பார். வீடே வெறிச்சென்று கிடந்தது.

தீபாவளியன்று நான்தான் ஆரம்பித்தேன். "கோயில்ல சாராயம், பிராந்தி, பீருன்னுதான சொன்னீங்க. ஒயினுன்னு சொல்லலியே" என்றேன். நானே டம்ளரில் ஊற்றினேன், நானும் ஒரு வாய் குடித்தேன். பழைய சோற்று நீச்சத்தண்ணீர் போலப் புளிப்பு, விழுங்கிய பிறகு வறுத்த கொட்டை வாசனை. "இன்னாடி இது, உங்கண்ணன் காடியப் புடிச்சி அனுப்பிக்கீறான்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் சாராயக்கடைக்குப் போனார். இன்றுவரை போகிறார். கையில் கயிறு இல்லை. சாமி என்னைத்தான் கேட்கும், அண்ணா.

உன் தங்கை,
தனக்கொடி


ழூரா, பிரான்சு
30.11.2024

தங்கச்சி தனக்கொடிக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கில் பீப்பாய்களுக்கு நடுவே நின்று படித்தேன். அதன்பிறகு வேலை ஓடவில்லை. இங்கே சாப்பாட்டோடு தண்ணீர் வைப்பதுபோல் ஒயினும் வைப்பார்கள். அந்தப் புத்தியில் அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது, நீ மனதைப் போட்டு வாட்டிக்கொள்ளாதே.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன் மாப்பிள்ளை போன் செய்து இன்னொரு பாட்டில் கேட்டார். "எனக்கு அந்தப் புளிப்பு புடிக்கல மச்சான். ஆனா ஆறு மாசமா எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசாதவ, அன்னிக்கி எங்கூட ஒக்காந்து சிரிச்சா" என்றார். பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

கொண்டுவர மாட்டேன். பொங்கச் சீர் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம்.

அண்ணன்,
அன்புராஜ்


கரியமாணிக்கம்
18.12.2024

அண்ணா,

கடிதம் வந்தது. அவர் சொன்னதைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அவரைப் பேசாதவர் என்று நினைத்திருக்கிறேன், அவர் என்னை அப்படி நினைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவர் சட்டையை மாட்டும்போது, "போகாதீங்க, கொஞ்ச நேரம் பேசிகினு இருக்கலாம்" என்றேன். நம்ப மாட்டாய், உட்கார்ந்தார். "சரி, இன்னா பேசலாம், சொல்லு" என்றார். கரும்பைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். மழையைப் பற்றி அவர் கேட்டார், சொன்னேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என்னால் தடுக்க முடியவில்லை.

மறுபடியும் அவரை உட்காரச் சொல்லப் போகிறேன். தினமும் சொல்வேன். வெறும் வாயோடு பேசப் பழகவேண்டும்.

பொங்கலுக்கு நீ வராதே, அண்ணா. கூடப்பிறந்தவனுக்கு இப்படி எழுதுவது எனக்கே அடுக்காது. பாட்டில் இல்லாமல்தான் வருவாய் என்று தெரியும். ஆனாலும் நீ வாசலில் வந்து நின்றால் அவர் கண் உன் பையைத்தான் பார்க்கும்.

என் கண்ணும் அங்கேதான் போகும்.

தனக்கொடி