ரேணிகுண்டா கொட்டகையும் ஒரு பச்ச ஒயரும்

உன் வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாவை இன்று காலைதான் திறந்தேன். தார் வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே ஒரு பழைய கண்டென்சர், துருப்பிடித்த இரண்டு சுவிட்சு, உன் தெலுங்குக் கையெழுத்தில் ஒரு சீட்டு. அடப்பாவி, இதையெல்லாமா இத்தனை வருஷம் வைத்திருந்தாய்?

ரேணிகுண்டா ரயிலடிக்குப் பின்னால் அந்தத் தகரக் கொட்டகை. இரண்டு பேர் உட்காரும் யுத்த காலத்துக் குட்டி விமானம் ஒன்றை மதராஸ் முதலாளி ஒருவர் வாங்கி, பறக்க வைத்துக் கொடுங்கள் என்று நம்மிடம் விட்டுப்போனார். எஞ்சின் உனக்கு, ஒயரிங் எனக்கு. படம், புத்தகம் ஒன்றும் கிடையாது. எது என்ன சாமான் என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். பேர் அழிந்துபோன டப்பாக்களை நீ மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாய். "தார் வாசனை வருதுடா, இது கண்டென்சர். இதுல அரக்கு வாசனை, காயில்." பிரித்துப் பார்த்தால் நீ சொன்னதேதான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்த காலம் அது. நான் பிச்சாட்டூர்த் தமிழன், நீ திருப்பதித் தெலுங்குக்காரன். நமக்குள் அந்தப் பேச்சே வந்ததில்லை.

ஒயர்களைக் கழற்றும்போதே எது எதற்கு என்று நீ சீட்டு எழுதி வைத்தாய். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மாக்னெட்டோவுக்கு எதிரே 'பச்ச' என்று இருந்தது. அந்த ஒயர் சுவிட்சோடு சேர்ந்தால்தான் ஆஃப் செய்யும்போது பொறி அடங்கும். சேராவிட்டால் சுவிட்சு ஆஃபில் இருந்தாலும் எஞ்சின் உயிரோடுதான் இருக்கும். நான் எண்ணெய்க் கறையைத் துடைத்துத் துடைத்து, பச்சை ஒயரைத் தேடி மாட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சுவிட்சை ஆஃபில் வைத்து, பெட்ரோல் உள்ளே இழுக்க ப்ரொபெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். அதன் பக்கத்தில் நின்றபடி கேட்டாய்: "பல்பு வச்சுப் பாத்தியாடா?"

டார்ச்சு செல்லையும் ஒரு பல்பையும் வைத்து, ஒயர் சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்கிற இரண்டு நிமிஷ வேலை. நான் பார்க்கவில்லை. பசி, சோம்பல், வேறென்ன? "எல்லாம் பாத்துட்டேன், ஆஃப்லதான் கீது, சுத்து" என்றேன்.

நீ சுற்றினாய். எஞ்சின் ஒரே உதை. உன் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபின் நீயே சொன்னாய்: "பச்சன்னா எங்க ஊட்ல மஞ்சள்டா! உன் பச்சைய நாங்க ஆகுபச்சன்னுவோம். நான் எழுதினதுதான் தப்பு." முதலாளியிடமும் அதையேதான் சொன்னாய். அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதைதான். "ஊரை அப்புறம் பிரிக்கட்டும், மொதல்ல எங்க பச்சையப் பிரிச்சுக் குடுங்கய்யா" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன், வரவில்லை.

போன வாரம் நீ போன துக்கம் கேட்க வந்தபோது உன் வீட்டுக்காரம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன், அன்று நான் பல்பு வைத்தே பார்க்கவில்லை என்று. அந்தம்மா ஆச்சரியமே படவில்லை.

"அவருக்குத் தெரியும்ணா. எஞ்சினுக்குள்ள பாக்கறதுக்கு காலையில எடுத்த டார்ச்சு, கொட்டகையில இருந்த ஒரே செல்லோட, அவர் சொக்காப் பையிலயே இருந்துதாம். கட்டுப் போடச் சொக்கா கழட்டும்போதுதான் பாத்தாராம். அப்புறம் நீ எத வச்சு பல்பு போட்டிருப்ப? 'அவன்கிட்ட கேட்டா தாங்கமாட்டான், உடு'ன்னுட்டாரு."

தெரிந்துமா? தெரிந்துமா தப்பை உன் மேல் போட்டுக்கொண்டாய்? இப்போதாவது என் வாயால் கேட்டுக்கொள்கிறேன், மன்னித்துவிடு.

நாலு மாசம் கழித்து, கட்டுப் பிரித்த கையோடு நீ மறுபடியும் அந்த ப்ரொபெல்லர் முன்னால் வந்து நின்றது நினைவிருக்கிறது. "ஆஃபா?" என்று கேட்டாய். "ஆஃப்" என்றேன். வேறொன்றும் கேட்காமல் அதே வலது கையை வைத்துச் சுற்றினாய். அந்த ஒரு சுற்றைத்தான் ஒரு வாரமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அன்றைக்கு நான் மூன்று தடவை பல்பு வைத்துப் பார்த்திருந்தேன். அது உனக்குத் தெரியாது. நான் பொய் சொன்னவன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும்.