சைவ வீட்டுக் கோழிகள்

12 ஏப்ரல் 1973

அப்பா இன்று கோழி வாங்கி வந்தார். குடவாசல் சந்தையிலிருந்து, வண்டியில், ஒரு பெரிய கூடை நிறைய. எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட அம்மா தணிந்த குரலில்தான் சொல்வாள். கூடையைப் பார்த்ததும் நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது பாவம்?"

"பாவமில்ல கமலா. சாட்சி."

வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் திடல்தான் விஷயம். சுற்றிலும் நஞ்சை, நடுவே இந்த மேடு. எங்கள் குத்தகைக்காரர் சாமிதுரையின் ஆடுகள் அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேதான் நிற்கின்றன. ஐப்பசி அடைமழையில் ஊரெல்லாம் தண்ணீர். ஆட்டுக்குக் காய்ந்த தரை அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் குளம்பு அழுகும், ஆடு சாகும். வயலோடு திடலையும் தன் குத்தகையில் பதியச் சொல்லி சாமிதுரை மனு கொடுத்திருக்கிறார். திடல் குத்தகையில் சேர்ந்ததில்லை என்பது அப்பா கட்சி. விசாரணை முடியும்வரை யாரும் வேலி அடைக்கக் கூடாது, யாரையும் தடுக்கவும் கூடாது என்று தாலுகா ஆபீஸ் உத்தரவு. அதிகாரி நேரில் வந்து, திடல் யார் அனுபோகத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்.

வக்கீல் சொன்னாராம்: "உங்க பக்கம் உயிருள்ளது ஏதாவது அங்க நிக்கணும் பிள்ளைவாள்."

ஆகவே கோழிகள். ஆகவே நான். தத்துவத்தில் எம்.ஏ.; வேலை கிடைக்கும்வரை கோழிக்குக் காவல்.

14 ஏப்ரல்

புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். கட்டை அவிழ்த்ததும் கோழிகள் ஆட்டுப் புழுக்கையைக் கிளறப் போய்விட்டன. சாமிதுரை என்னைப் பார்க்காமல் ஆடுகளை முளையில் கட்டினார். அவர் இப்போது 'ஆண்டை' என்பதில்லை, 'அய்யா' என்கிறார். திடலைவிட அப்பாவுக்கு அதுதான் பெரிய நஷ்டம் என்று தோன்றுகிறது. போன தேர்தலிலிருந்து அப்பாவும் கரைவேட்டிதான் கட்டுகிறார். மேடையில் எல்லோருக்கும் 'தோழர்களே'. வீட்டுக்கு வந்து கால் கழுவுகிறார்.

சாமிதுரை மனைவி ராமாயி மட்டும் பேசினாள்.

"சின்னய்யா, கோழி மேய்க்க எத்தினி வருசம் படிச்சீங்க?"

"காலேஜில் மட்டும் ஆறு."

"எங்கண்ணன் மவன் மூணாப்போட நின்னுட்டான். அவனுக்கு எருமையே அடங்குது."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதோ? எதிர்க்கட்சிக்காரரிடம் சிரிக்கலாமா என்று வக்கீலைக் கேட்கவில்லை.

23 ஏப்ரல்

எந்தக் கட்சி என்று கோழிகளுக்குத் தெரியவில்லை. வெயிலுக்கு ஆட்டின் வயிற்றடியில் போய்ப் படுக்கின்றன. ஆட்டின் காதில் உண்ணி பொறுக்குகின்றன. ஆடு கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுக்கிறது.

5 மே

முட்டைகள். இதை யாரும் யோசிக்கவில்லை. அப்பா யோசிக்கவில்லை, வக்கீல் யோசிக்கவில்லை. அம்மா கொல்லைப்புறம்கூடக் கொண்டுவரக் கூடாது என்றாள். கடையில் விற்றால் ஊர் சிரிக்கும் என்றார் அப்பா. வைக்கோலில் விட்டவை வெயிலில் நாறின. இன்று கிடந்ததையெல்லாம் எடுத்து ராமாயியிடம் நீட்டினேன்.

"எதுக்குங்க?"

"எங்க வீட்டுல ஆகாது."

"அப்ப குப்பையில போடறத எனக்குக் குடுக்குறீங்க."

சொல்லிவிட்டு முந்தானையை விரித்தாள். இனி தினமும் நீயே எடுத்துக்கொள் என்றேன். கொடுத்ததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அதை இங்கே எழுதுவது ஆபாசமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

19 மே

சினை ஆடு செத்தது.

காலையில் கோழிகளுக்கான குருணையை ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டிவிட்டுப் புத்தகத்தை விரித்தேன். ஆடு எப்போது முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து தின்றதோ தெரியாது. மதியத்துக்குள் இடது வயிறு பறைபோல உப்பிவிட்டது. சாமிதுரை மூங்கில் குழலில் எண்ணெய் புகட்டினார். தடவிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

சாமிதுரையின் தெருவே வந்துவிட்டது. 'விஷம்' என்ற சொல்லை முதலில் யார் சொன்னது? விவசாயச் சங்கத்துக் கோவிந்தராசு, சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"அக்கா, போலீசுல எழுதிக் குடுப்போம். இது ஒண்ணு போதும், திடல் தானா வந்துரும்."

ராமாயி அரிவாளை எடுத்து வயிற்றைக் கிழித்தாள். ஊறிப்போன குருணையை ஒரு கை அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. விசமா இது? அரிசி. அவரு கெட்ட எண்ணத்துல போடல. கூறு இல்லாம போட்டாரு."

"நமக்கு எடம் வேணுமா, வேணாமாக்கா?"

"வேணும். எடம் நம்மளுது, அதனால வேணும். அதுக்கு எதுக்குடா பொய்யி?"

அவள் சொன்னதில் நான் தப்பித்தேன். என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நாளையிலேருந்து குருணைய எங்கிட்ட குடுத்துடுங்க. நீங்க போட்டா இன்னொண்ணும் போயிடும்."

2 ஜூன்

கோழி அடைக்கும் பஞ்சாரத்தை ராமாயி செங்கல்மேல் தூக்கி வைத்து, உள்ளே குருணை போடுகிறாள். கோழி நுழையும், ஆட்டுத் தலை நுழையாது. சாயங்காலம் அவளே மூடுகிறாள். கீரி வராதபடி மேலே கல்.

17 ஜூன்

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. "பா பா பா" என்று ராமாயி குரல் கொடுத்தால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருகின்றன. நான் கூப்பிட்டால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கோவிந்தராசு வரப்பில் போகிறபோது கத்தினான். "அவங்க கோழிக்கு நீ ஏன்க்கா ஊழியம் பாக்கற? அடிச்சித் தொரத்து."

"வாயில்லாத சீவன்டா. அதுவா மனு போட்டுச்சி?"

5 ஜூலை

சாப்பிடும்போது அப்பா கேட்டார், கோழியை யார் அடைக்கிறது என்று. சொன்னேன். முட்டையும் அவளே எடுத்துக்கொள்கிறாள் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மோரை ஊற்றிப் பிசைந்தபடி சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும்."

ஏன் நல்லது? கேட்கவில்லை.

9 ஆகஸ்டு

இன்று விசாரணை.

புங்கமரத்தடியில் அதிகாரிக்கு எங்கள் வீட்டு நாற்காலி. பக்கத்தில் கர்ணம் இராஜாங்கம், வக்கீல், அப்பா. எதிரே சாமிதுரை துண்டை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டு நின்றார். பின்னால் தெரு. ஆடுகள் எத்தனை வருஷமாக நிற்கின்றன என்பதையெல்லாம் சாமிதுரை நன்றாகவே சொன்னார். அதிகாரி தலையாட்டி எழுதினார். ஜெயித்துவிடுவார் என்று நினைத்தேன். நான் எந்தப் பக்கம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வக்கீல் எழுந்தார். சாமிதுரையைக் கேட்கவில்லை. ராமாயியைக் கேட்டார்.

"இந்தக் கோழியெல்லாம் யாருதும்மா?"

"அய்யா வூட்டுதுங்க."

"தீனி போடறது?"

"நாந்தாங்க."

"கூப்ட்டா வருமா?"

அவளுக்குச் சின்னப் பெருமை. கையைக் குவித்துக் குரல் கொடுத்தாள். வாய்க்கால் கரையிலிருந்து, ஆட்டுக்கடியிலிருந்து, இறக்கையை விரித்துக்கொண்டு எல்லாம் ஓடி வந்து அவள் காலைச் சுற்றின. கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சாமிதுரை மட்டும் சிரிக்கவில்லை.

"முட்டைய யாரு எடுத்துக்கறது?"

"நாந்தாங்க. சின்னய்யா எடுத்துக்கச் சொன்னாங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா?"

"ஆமாம். எங்கள் வீட்டில்..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க தம்பி," என்றார் எங்கள் வக்கீல். "கொடுத்தது உண்டா?"

"உண்டு."

வக்கீல் அதிகாரியிடம் குனிந்தார். சத்தமாகத்தான் சொன்னார். "முட்டைதான் சார் கூலி. எங்க கட்சிக்காரர் கோழிப் பண்ணைக்கு இந்தம்மா வேலையாள். வேலைக்கு வர்ற இடத்துல தன் ஆட்டையும் கட்டிக்கிறாங்க. இவர் பெரிய மனசு பண்ணி விட்டிருக்கார்."

"கூலியா?" ராமாயிக்கு முதலில் புரியவில்லை. "அது கூலி இல்லீங்க சாமி. அவுங்க திங்க மாட்டாங்க. அழுகிப் போவுதேன்னு..."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. அவள் சொன்னதும் பொய்யில்லை. அங்கே யாருமே ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. டேய், அதுக்காக? ஒரு வார்த்த, இன்னும் ஒரே ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா உன் வாய் வெந்தா போயிடும்? செத்த ஆட்டக் கிழிச்சி உன்னக் காப்பாத்தினவ அவ. நாற்காலிய நீதானே தூக்கிட்டுப் போய்ப் போட்ட. அதையாவது போடாம இருந்திருக்கலாம்.

10 ஆகஸ்டு

தாலுகா ஆபீசுக்குப் போனேன். இன்னொரு வாக்குமூலம் தர வேண்டும் என்றேன். குமாஸ்தா கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குச் சாதகமாத்தானே இருக்கு?"

"அதுதான் தப்பு."

கட்டை மூடி நாடாவை முடிந்தார். "அப்பாவோட வாங்க தம்பி," என்றார்.

பஸ்ஸில் திரும்பினேன். அப்பாவிடம் ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அம்மா மட்டும், "நீ எந்த வீட்டுல சாப்பிடற?" என்று கேட்டாள். சாப்பிட்டேன்.

3 செப்டம்பர்

உத்தரவு வந்தது. வயல் சாமிதுரை குத்தகையில் பதிவு. திடல் எங்களுக்கு.

வீட்டில் பாயசம்.

5 செப்டம்பர்

"இனிமே கோழி எதுக்கு?" என்றார் அப்பா. வியாபாரி முகம்மது யூசுப் வந்து பிடிக்கப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. ராமாயியைக் கூப்பிட்டு வரச் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். பொழுது இருட்டும்வரை துரத்திக்கொண்டிருந்தார்.

28 செப்டம்பர்

சாமிதுரை வாசலில் வந்து நின்றார். மழை மாதம் மட்டும் ஆடுகளைத் திடலில் கட்டிக்கொள்ளக் கேட்டார்.

"தாராளமா கட்டிக்கப்பா," என்றார் அப்பா. "ஒரு எழுத்து மட்டும் போட்டுடு. என் அனுமதியில கட்டறேன்னு."

"ஆட்டுக்கு இன்னிக்கு எழுதுனா, நாங்க இருக்கற குடிசைக்கு நாளைக்கு எழுதணும் அய்யா."

"அப்ப உன் இஷ்டம்."

அவர் போய்விட்டார்.

1 அக்டோபர்

சாமிதுரை விற்ற ஆடுகளையும் யூசுபே ஓட்டிப் போனார். பாலத்தில் ராமாயியைப் பார்த்தேன். ஒதுங்கிப் போயிருக்கலாம். நின்றேன். அவளும் நின்றாள்.

"அந்த முட்டைய நீங்க வாய்க்கால்லயே எறிஞ்சிருக்கலாம், சின்னய்யா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான்.

9 அக்டோபர்

வானம் மூட்டம்.

14 அக்டோபர்

திடலுக்கு வேலி அடைக்கிறோம். ஆள் சொல்லியனுப்பினார் அப்பா. வந்தவர்களில் சாமிதுரையும் இருந்தார். வயலில் இப்போது வேலையில்லை, அவர் வீட்டில் ஐந்து வயிறு. அப்பா ஒரு கணம் பார்த்துவிட்டு, "வா," என்றார். நின்று பார்க்க என்னை அனுப்பினார்.

மூங்கிலைப் பிளந்து, குழி எடுத்து, கருவேல முள்ளை மிதித்து இறுக்கினார். மற்றவர்களைவிட வேகமாக. மேற்கு முடிந்தது, வடக்கு முடிந்தது. தூறல் விழ ஆரம்பித்தது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வாசல் எந்தப் பக்கம் விடணுங்க?"

அப்பாவைக் கேட்டு வருகிறேன் என்றேன்.