மச்சான் தேடிப்போன மலைப்பறவை

நவம்பர் 7
நட்ட வயலில் நிற்கும் மழைத்தண்ணீர் வடியவில்லை. பள்ளிக்கூடம் லீவு. மச்சான் கொலம்பியாவிலிருந்து பேசினார். நாகப்பட்டினத்தில் எல்லாரும் துபாய், சவூதி என்று போக, என்னைக் கட்டின ஃபாஜில் மட்டும் ஆண்டிஸ் மலைக்குப் பறவை ஆராய்ச்சிக்குப் போனார்.

“நான் தேடுற பறவையோட பேரினத்துல ரெண்டே ரெண்டு வகைதான் பர்வின். வெனிசுவேலா பக்கம் உள்ளதுக்கு இறக்கைக்கு அடியில மஞ்ச இறகு. இங்க உள்ளதுக்குச் செம்பழுப்பு. ஓக் காடு போச்சுன்னா இதுவும் போச்சு.”

நாளை மேலே ஏறுகிறாராம்.

நவம்பர் 10
போன் போகவில்லை.

நவம்பர் 11
அவருடன் வேலை செய்யும் லூசியா பேசினாள். மண்சரிவு. கூடப் போனவர்கள் இறங்கிவிட்டார்கள். மச்சான் இல்லை. பறவைச் சத்தம் கேட்டுத் தனியே நடந்தாராம்.

மாமாவிடம் சொன்னேன். மகன் சேதியைக் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டி மழையில் இறங்கினார்.
“எங்க மாமா போறீங்க?”
“தெரியலம்மா.”

நவம்பர் 13
ஒன்றும் இல்லை. யா அல்லாஹ்.

நவம்பர் 14
அந்தப் பறவையின் படத்தைப் பார்த்தேன். கறுப்பு. நீண்ட வால். அவ்வளவுதான். நம்ம கொல்லையில வந்து உக்காந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இதுக்கா? இதுக்கா மச்சான் என்னை விட்டுட்டுப் போனீங்க?

நவம்பர் 16
தேடுவதை நிறுத்தப் போகிறார்கள். மண் இன்னும் சரிகிறதாம். ஜமாத்திலிருந்து லியாகத் அலி வந்தார். தயங்கித் தயங்கி இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகை பற்றிப் பேச்செடுத்தார்.

“எம் மவன் மவுத்தானத யாரு பாத்தா? பாத்தவன வரச்சொல்லுங்க!” மாமா கத்தி நான் கேட்டதே இல்லை.

லூசியாவைக் கூப்பிட்டேன். அரைகுறை ஆங்கிலம், பாதி அழுகை. அவர் பாதையில் இருக்க மாட்டார், அந்தப் பறவைகள் எங்கே கூடுமோ அங்கேதான் இருப்பார், அங்கே பாருங்கள் என்றேன். மலைக்கு மறுபக்கம் அவை அடையும் ஒரு பள்ளத்தாக்கு உண்டு என்றாள். அடிவாரக் கிராமத்து ஆட்களைக் கேட்டுப் பார்க்கிறாளாம்.

நவம்பர் 18
உயிர் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பள்ளத்தாக்கில் கிராமத்து ஆட்கள் மச்சானைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இதற்கு மேல் எழுத முடியவில்லை—

நவம்பர் 20
பாறை விழுந்த வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாமாவிடம் சொன்னேன். “ஆள் வரட்டும்” என்றார்.

ஜனவரி 22
வெளியே அறுவடை மெஷின் சத்தம். ஊர் திரும்பிவிட்ட மச்சான் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: “பாத்தேன் பர்வின். கூட்டமா. நான் கெடந்த எடத்துக்கு மேலேயே.”

கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, “இனிமே மலை ஏற முடியாதுல்ல?”

அவரே, கஞ்சியில் உப்புப் போதவில்லை என்றார். போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.