நெல் காயும் களத்தில் பிக்கிள்பால்

அத்தை,

பக்கத்து மில்லில் இன்று நெல் அவித்திருக்கிறார்கள். அந்தப் புழுங்கல் வாசனை ஜன்னல் வழியாக வந்து, கொசுவலைக்குள் தூங்கும் உங்கள் பேரன் மேலும் படிந்திருக்கிறது. இந்த வாசனை வந்துவிட்டால், "போச்சு, இன்னைக்குக் களத்துல நெல்லுதேன் வெளயாடும்" என்று சலித்துக்கொண்டு மட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டுவீர்கள். உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகி உத்தமபாளையம் வந்த புதிதில், மாமா போன துக்கம் உங்களை சோபாவோடு சேர்த்து ஒட்டியிருந்தது. முழங்கால் வலி, சர்க்கரை, விடிய விடியத் தூக்கமில்லை. சாமி அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டால், எழுவதற்கு ஒரு கை ஜன்னல் கம்பியிலும் இன்னொரு கை என் தோளிலும் இருக்கும். எங்கே இருவருமாகச் சரிந்துவிடுவோமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பொங்கலுக்குக் கொழுந்தனார் கோயம்புத்தூரிலிருந்து பிக்கிள்பால் ஆட நான்கு மட்டையும் ஒரு வலையும், ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்தும் கொண்டுவந்தார்.

"ஏலே, பேரன் எடுக்குற வயசுல பந்து வெளயாடச் சொல்றியா?"

"அம்மா, அங்கன ஒன்னைய விட மூத்தவுக எல்லாம் ஆடுறாக. ஓட வேணாம், ரெண்டு எட்டு வச்சாப் போதும்."

மில்லின் சிமெண்டுக் களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டீர்கள். எதிர்த்த வீட்டுப் பாத்திமா அக்கா, ஓய்வுபெற்ற ஜெயராணி டீச்சர், மில்லுக்கார அக்கா, நீங்கள். ஷூ இல்லாமல் ஆடக் கூடாது என்று கொழுந்தனார் சொன்னதற்கு, நெல் காயும் இடத்தில் செருப்புக் காலை வைப்பதா என்று நால்வரும் ஒரே குரலில் அவரை விரட்டினீர்கள். சாமி வேறு வேறாக இருந்தாலும் நெல் விஷயத்தில் நீங்கள் ஒரே கட்சி. வெறுங்காலோடுதான் ஆட்டம். ஆடிக் காற்றில் அந்த இலேசான பந்து அது பாட்டுக்குத் திசை மாறும் என்று டீச்சர் முன்கூட்டியே எச்சரித்தார். "காத்தையும் ஒரு ஆளாச் சேத்துக்குவோம், ஆனா அவ எந்தக் கட்சின்னு முன்னாலயே சொல்லிரணும்" என்றீர்கள்.

ஆடி வருவதற்குள் சித்திரை வந்துவிட்டது. சாயங்காலமாகியும் களம் தோசைக்கல்லாகக் கொதித்தது. "வாசல் தெளிக்கிற மாதிரி ரெண்டு வாளி தெளிச்சுவிட்டா அடங்கிரும்" என்றீர்கள். தவிட்டுத் தூசி படிந்து வழவழவென்று கிடந்த களம். அதன் மேல் தண்ணீர். மூன்றாவது பந்துக்கே மல்லாந்து விழுந்தீர்கள்.

வாயும் வயிறுமாக ஓரத்தில் நின்றிருந்த நான் போட்ட சத்தத்தில் மில் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். "யாரும் தொடாதீக" என்று கையைக் காட்டினீர்கள். ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையை ஊன்றி, ஒரு முழங்கால், பிறகு ஒரு பாதம். எழுந்து நின்றுவிட்டீர்கள். சுற்றிலும் வெறும் களம்.

"பாத்தியா ஆத்தா, கம்பியுமில்ல, தோளுமில்ல!" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "அது கெடக்கட்டும், பாயிண்டு யாருக்கு?" என்றீர்கள்.

"விழுந்தவளுக்குப் பாயிண்டு குடுத்தா நாளைக்கு ஊரே விழுகும்" என்றார் பாத்திமா அக்கா.

வீட்டுக்கு வந்து அழுதேன். இனிமேல் வேண்டாம் அத்தை என்று கெஞ்சினேன். சீலையைப் பிழிந்து கொடியில் போட்டபடி, "விழுகாத மனுசி எங்கன இருக்கா? எந்திரிக்கத் தெரியணும், அம்புட்டுத்தேன்" என்றீர்கள். மறுநாளே ஷூ வாங்கினீர்கள். ஆனால் அது தெருவை மிதிக்கக் கூடாது. மஞ்சப்பையில் கொண்டுபோய், களத்து ஓரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வீர்கள். மற்ற மூவரும் அப்படியே.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. டாக்டரம்மா சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார். படுத்ததும் தூங்கினீர்கள். சண்டை போடவும் கேலி பேசவும் தினமும் மூன்று பேர் கிடைத்தார்கள். இவன் பிறந்ததும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காலிலேயே போட்டுக் குளிப்பாட்டி, ஈரக் குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எதையும் பிடிக்காமல் எழுவீர்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சோபா எனக்கு ஞாபகம் வரும்.

அவன் தவழத் தொடங்கிய மாதம் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. "வயசான காலத்துல ஆடுனா நெஞ்சு தாங்குமா?" என்று துக்கத்துக்கு வந்தவர்களே பேசினார்கள். அது பழைய அடைப்பு, ஆட்டத்தால் வந்ததல்ல என்று டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொருவரிடமும் திருப்பிச் சொன்னேன். சாகாமல் இருக்க மருந்து என்று அந்த விளையாட்டை யாரும் சொல்லவில்லை. இருந்த வரைக்கும் நீங்களாக எழுந்தீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் எனக்குள் பயம் குடிவந்துவிட்டது. சுவரோரமெல்லாம் தலையணை அடுக்கினேன். அவன் ஒரு அடி வைத்தால் நான் இரண்டு அடி வைத்துப் பின்னாலேயே போனேன். போன வாரம் பாத்திமா அக்கா வாசலில் வந்து நின்றார்.

"மூணு பேரு நின்னா அது ஆட்டமா, ஆட்டோ ஸ்டாண்டா? நீ வாத்தா."

"இவன யாருக்கா பாக்குறது?"

"களத்துல எறக்கி விடு. நெல்லு காயுற எடம், அங்கன என்ன முள்ளா கெடக்கு?"

போனேன். நாலைந்து பந்துதான் அடித்திருப்பேன். ஓடிய பந்தைத் துரத்திக்கொண்டு போனவன் குப்புற விழுந்தான். சத்தம் கேட்டது. என் கால் கிளம்பிவிட்டது; மட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அழுவதா வேண்டாமா என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் அவன் எப்போதும் முடிவு செய்வான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, அத்தை. உங்கள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். உள்ளங்கையை ஊன்றினான். பின்பக்கம் முதலில் மேலே வந்தது, தலை கடைசியில் வந்தது. நின்றுகொண்டு பந்தைத் தேடினான்.

வீடு வந்து சேரும்வரை அவன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பயம் என்னுடையது, இருந்துவிட்டுப் போகட்டும். முகம் உங்களுடையது. அதைத் திருப்பித் தருவதாக இல்லை.