சரிபார்த்தவர்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கட்டிடக்கலை அலுவலகத்துக்கு ஐம்பது வயதாகிறதாம். ஐம்பதாண்டு மலர் போட வேண்டும், எழுதப்போவது நானாம். "பழைய கதையெல்லாம் உனக்குத்தானேம்மா தெரியும்" என்றார் ஸ்கேல். முக்கோண அளவுகோலால் மேஜையைத் தட்டாமல் எங்கள் நிறுவனருக்கு ஒரு வாக்கியம் வராது. அந்தப் பெயரை வரைவாளர் அறை வைத்து முப்பது வருஷமாகிறது.

நான் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். போகிற போக்கில் அவர் புகழையும் பாடிவிட்டுப் போக வேண்டும்.

மார்ச் 11

நாள் முழுக்கக் கீழ்த்தளக் கிடங்கில். இரண்டு அறை, ஒரு குழாய், படம் நகலெடுக்கும் அம்மோனியாவின் வாடை, அதுதான் ஆரம்பம். முதல் வேலை ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரை. நான் சேர்ந்தபோது பதினோராவது ஆள். இன்று நாலு மாடி, முந்நூறு பேர், மருத்துவமனைகள், இரண்டு விமான நிலையங்கள். அத்தனைக்கும் வாசல் திறந்தது நகர நூலகம்தான்.

நூலகம் என்னுடையது. இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன். அவர் இரண்டு மாதம் வெளிநாட்டில் இருந்தபோது அந்த மாடிப்படியை, வாசிப்புக் கூடத்தின் கூரையை, ஜன்னலின் ஒவ்வொரு மூலையையும் நான் போட்டேன். விருது வாங்க மேடை ஏறியது அவர். கீழே அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்.

கட்டிட வரைபடத்தின் வலது மூலையில் நாலு கட்டம் உண்டு. வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல். எங்கள் அலுவலகத்தில் மற்ற மூன்றிலும் நிறுவனத்தின் முத்திரைதான் விழும். ஆள் பெயர் விழுவது மூன்றாவது கட்டத்தில் மட்டும். நூலகப் படங்கள் எல்லாவற்றிலும் அங்கே என் இரண்டு எழுத்து.

மார்ச் 12

தூக்கமில்லை. கோபம் இவ்வளவு நாள் கெடாமல் இருக்குமா என்ன?

மார்ச் 19

நூலகர் அம்மா போன் செய்தார். "கூடத்துல ஒழுகுதுங்க. புத்தகத்தையெல்லாம் தள்ளி வச்சிருக்கோம். ஒரு நடை வந்து பாருங்களேன்."

போனேன். சுவருக்குச் சுவர் ஒரே நேர்க்கோடாக விரிசல். எனக்கு அளந்து பார்க்கத் தேவையே இல்லை. வெயிலில் கான்கிரீட் விரிய இடம் வேண்டுமென்று அன்று நான் ஓர் இடைவெளி போட்டிருந்தேன் இல்லையா, அச்சாக அந்த இடம். "கூரைக்கு நடுவுல இந்தக் கோடு எதுக்கு? போட்டோல அசிங்கமா விழும்" என்று சொல்லி, மை போடுமுன் பென்சில் படத்திலேயே தன் கையால் ரப்பர் போட்டு அழித்தவர் ஸ்கேல். நான் ஒரு வாரம் சண்டை போட்டேன். எட்டாம் நாள் சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்தும் போட்டேன். போட்டேன்தானே?

கூடத்தை உடனே பூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20

ஸ்கேலிடம் சொன்னேன். தட்டுவதை நிறுத்தவில்லை.

"தார் பூசச் சொல்லு."

"சார், இது தார் பூசி நிக்கிற விஷயம் இல்ல. விசாரணை வரும்."

"வந்தா என்னம்மா? யார் சரிபார்த்ததுன்னு படமே பேசும்." சிரித்தார். "நான் எதுக்குப் பேசணும்?"

பாவி. பாவி. பெருமை வந்தா அவருக்கு, ஒழுகல் வந்தா எனக்கா? என் உரிமம் போனால் ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக ஆரம்பிக்கலாம் என்றிருந்த சின்ன அலுவலகமும் போச்சு. முப்பத்திரண்டு வருஷம் இன்னொருத்தர் பெயரில் வரைந்தாயிற்று. ஒரு வீடாவது என் பெயரில் கட்டிவிட்டுச் சாக வேண்டாமா?

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், எதையும் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். "அவர் அழிச்சதுக்குச் சாட்சி இருக்கா?" என்றார். இல்லை. சண்டை போட்டது வாயால், அழித்தது ரப்பரால். நகராட்சியில் கொடுத்த பிரதியையும் கறையான் தின்று பத்து வருஷம் ஆகிறது. இருப்பது எங்கள் மூலப்படம் ஒன்றுதான்.

ஏப்ரல் 2

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணலுக்குக் கை.

ஏப்ரல் 3, வியாழன்

மலரின் முதல் பக்கங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். தேன் தடவித்தான் எழுதியிருந்தேன். "நகர நூலகத்தின் ஒவ்வொரு கோடும் அவர் கையிலிருந்தே பிறந்தது. வரைந்ததும் அவரே, சரிபார்த்ததும் அவரே." தார் பூசியதோடு ஒழுகல் கதை முடிந்தது என்று நினைத்திருந்தவர், இரண்டு தரம் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"மூலப்படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்டலாம் சார். ஆனா மூலையில என் எழுத்து கிடக்கு, எழுதினதுக்கும் அதுக்கும் பொருந்தலையே."

"எடுத்துடு."

"நாலு கட்டத்திலயும் நீங்களே கையெழுத்துப் போட்டா அழகா இருக்கும்."

மனிதர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். "உனக்கு இப்பதான்மா பெருந்தன்மை வந்திருக்கு" என்றார்.

ஏப்ரல் 4

சவரபிளேடால் சுரண்டினேன். மை போட்ட தாளில் தப்பைத் திருத்த அந்தக் காலத்தில் எங்களுக்கு அதுதான் வழி. பதினாலு தாள், தாளுக்கு இரண்டு எழுத்து. ஒன்பதாவது தாள் மாடிப்படியின் படம். அங்கே வந்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அதையும் சுரண்டினேன்.

மதியம் அவர் கையெழுத்துப் போட்டார். ஐம்பத்தாறு கையெழுத்து, ஒன்றைக்கூட அவசரப்பட்டுப் போடவில்லை. பக்கத்தில் நின்று மை உலர விசிறிவிட்டேன்.

மே 9

விழா. ஆயிரம் பிரதி. அமைச்சர் கையில் ஒன்று. பத்திரிகைக்காரர்கள் கேட்டதும் "ஆமா, முழுக்க நானே" என்றார். மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள். நான் கைதட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

ஜூன் 16

தாரெல்லாம் பூசியும் விரிசல் நிற்கவில்லை. கூரையை இடித்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். விசாரணைக் குழு போட்டாயிற்று.

ஜூலை 8

குழுவின் முன்னால் ஸ்கேல் என்னைக் காட்டினார். "சரிபார்த்தது இந்தம்மாதான்." தலைவர் மலரைப் பிரித்து வாசித்தார். பிறகு வரவேற்பறைச் சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார்.

அளவுகோல் தட்டவில்லை.

என்னைக் கேட்டபோது, "சாரே எழுத்துல சொல்லியிருக்காருங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றேன். பொய்யா அது? பொய்தான். சந்தோஷமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள், உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 12

ஸ்கேலின் உரிமம் ரத்து. நிறுவனத்தை மகளிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறாராம். விற்காத மலரெல்லாம் கிடங்கில். எனக்கும் ஒரு கடிதம் வந்தது: "மேற்படி கட்டிடத்தை வடிவமைத்ததிலோ வரைந்ததிலோ சரிபார்த்ததிலோ தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை என இக்குழு உறுதி செய்கிறது."

"ஜெயிச்சுட்டே" என்றார் வீட்டுக்காரர். ஆமாம் என்றேன். கடிதத்தை எனக்கு இன்னொரு தரம் படிக்கத் தோன்றவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

சொந்த அலுவலகம். ஒற்றை அறை, கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. முதல் ஆளாக ஓர் இளம் தம்பதி வந்தார்கள், சின்ன இடம், வீடு கட்ட வேண்டும். அந்தப் பெண் துறுதுறுவென்று பேசினாள். கல்லூரி நாளெல்லாம் நகர நூலகத்தில்தான் படித்தாளாம். "அந்த மாடிப்படியில உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வராதுங்க மேடம். எங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு வேணும். அந்த மாதிரி ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

கடிதம் மேஜை இழுப்பறையில் இருந்தது.

"இல்லம்மா," என்றேன். "பண்ணினதில்ல."

அவள் தன் கணவரைப் பார்த்தாள். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.