அப்பாவின் காதில் ஒரு கிளிப்

அன்பு மகன் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ பதறுவாய், நான் அழுவேன், அதனால்தான் கடிதம். நம் தையல் கடையில் அப்பா, தைக்கக் கொடுத்தவர் ஒருவரின் கால்சட்டைத் துணியில் இரண்டு காலையும் இடது காலாகவே வெட்டிவைத்ததைச் சொன்னேன் அல்லவா, மூளைக்குள் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபட்டதால் வந்த தடுமாற்றம் என்று டாக்டர் சொன்னதும் கத்தரியை நான்தான் ஒளித்துவைத்தேன். வெட்டுவது அவர், தைப்பது நான் என்றே ஓடிய கடை. மேசை முன்னால் அவர் வெறும் கையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். காது மடலில் ஓடும் ஒரு நரம்பு வழியாக மூளையைத் தட்டி எழுப்பலாமாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, காதில் சின்னக் கிளிப், அதில் எறும்பு ஊர்வதுபோல மின்சாரம், அவ்வளவுதான். உன் கணக்கு வாத்தியார் உன் காதைத் திருகியதும் இதற்குத்தானோ என்று சிரித்துக்கொண்டேன். கண்டுபிடித்தவர் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும். கிளிப் மாட்டிவிடும் பெண் இருக்கிறாளே, அப்பா கேட்டதையே கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாள். எல்லாம் திரும்பி வந்துவிடுமா என்றேன். "போனதெல்லாம் வந்துடும்னு ஏமாத்த மாட்டேம்மா, இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம், சிலருக்கு இந்த வைத்தியம் கேக்குது, சிலருக்குக் கேக்கல"ன்னு பட்டென்று சொன்னாள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கிளிப் மாட்டியபடியே காகிதத்தில் சட்டை வெட்டிப் பழகவும் அப்பாவை வைத்தாள். முதலில் கோணல்மாணல், போகப்போகக் காலரும் கையும் ஒழுங்காக வந்தன.

போன வாரம் "கத்தரி எங்கடி?"ன்னு ஒரு அதட்டல். அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு! ஒளித்த இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீலத்துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மடமடவென்று ஒரு சட்டை வெட்டினார், ஒரு பிசகு இல்லை. மனுஷன் மனுஷன்தான்டா! யாருக்கு என்றேன், "நம்ம பையனுக்கு"ன்னார். தைத்து முடித்துத் தூக்கிப் பார்த்தேன், நீ பத்தாம் வகுப்பில் போட்ட அளவு. நன்றாக வந்திருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு மடித்து வைத்தேன்.

நீயும் பிரஷரைப் பார்த்துக்கொள், உப்பைக் குறை. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை வந்து அப்பாவுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போடா.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா