தொழில் என்ற கட்டத்தில்

மார்ச் 3, திங்கள்
நூலகத்தில் உறுப்பினர் படிவம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. மனைவி நிரப்பினாள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். என்ன எழுதினாய் என்று கேட்டால், "உள்ளதைத்தான்" என்று சிரிக்கிறாள். இவள் இப்படிச் சிரித்தால் எங்கோ இடி விழப்போகிறது.

மார்ச் 7, வெள்ளி
விழுந்துவிட்டது. நூலக அறிவிப்புப் பலகையில் அடுத்த வாரக் கூட்டத்தில் பேசுகிறவராக என் பெயர். பக்கத்தில் "தத்துவவாதி"! படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் அவள் செய்த குறும்பு, நூலகர் அம்மா அதை நம்பிப் பேச்சாளராகவே போட்டுவிட்டார்.

"சாப்பிட உக்காந்தா, பசி வயித்துல இருக்கா மனசுல இருக்கான்னு கேக்குறீங்க. பின்ன என்னன்னு எழுதுறது?" என்றாள், தையல் மெஷினை நிறுத்தாமலே.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக.

மார்ச் 8
ஒல்லிக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு வேலைக்கு வருகிறவன், ஊதினால் பறப்பான். "ஸ்பேனரைப் பிடிங்க, ஞானி." நாள் முழுக்க இதே.

மார்ச் 10, திங்கள்
பெயரை எடுக்கச் சொல்லப் போகலாம் என்றிருந்தேன். பார்த்தால், வேலைக்கு அழைப்பே நூலகத்திலிருந்து. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நூலகர் அம்மா. கதவைப் பிடித்து இழுக்கிற சத்தம். இழுத்தால் ஆபத்து.

எங்கள் வழக்கம் இது: ஒல்லி மேலே ஓடிப்போய்ச் மோட்டார்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மாடிக்குக் கொண்டுவருவான், நான் கதவருகே நின்று பேசுவேன். பயப்படாதீர்கள் என்று சொன்னால் பயம் கூடும். கேள்வி கேட்க வேண்டும். யோசிக்கிற ஆள் கதவை இழுப்பதில்லை.

"மேடம், யாருமே இல்லாத லிஃப்டுல கண்ணாடியைப் பாத்து முடியை ஒதுக்குறோமே, அது யாருக்காக?"

சத்தம் நின்றது. "என்னண்ணே, இப்பப் போய்..." கொஞ்சம் கழித்து, "புருஷனுக்காக இல்ல. அது மட்டும் தெரியும்" என்று சிரிப்பு. பதினெட்டு நிமிடம் அதையே பேசினோம்.

வெளியே வந்தவரிடம் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "மாட்டேன். இதே கேள்விய கூட்டத்துல வந்து கேளுங்க."

நுணலும் தன் வாயால் கெடும்.

மார்ச் 13
பேச்சு எழுதினேன், கிழித்தேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவன் நான். தத்துவவாதி என்றால் அலமாரி நிறையப் புத்தகம் எழுதியிருக்க வேண்டாமா? வெறும் கேள்வி கேட்கிறவனுக்கு என்ன பெயர்? தொணதொணப்பவனா?

உண்மையை எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். பலகையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபமில்லை. சந்தோஷம். அதனாலதான் பயமா இருக்கு. யாராவது எழுந்து "நீ யாருய்யா?"ன்னு கேட்டா — போச்சு.

மார்ச் 15
என் சட்டைக்குப் புதுப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். கிண்டலே இல்லை. அதுதான் கலக்கமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு
முப்பது பேர் இருக்கும். முன்வரிசையில் ஒல்லி, பல்லைக் காட்டிக்கொண்டு.

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். அந்தப் பேரு என் வீட்டுக்காரி வச்சது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். கண்ணாடிக் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மானம் கப்பலேறியது என்று நினைத்தபோது, வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"எனக்கு ஒதுக்க முடியே இல்ல. இருந்தும் தடவிப் பாக்குறேன். ஏன்?"

அப்புறம் ஆளாளுக்குப் பேச்சு. ஒல்லிகூடக் கை தூக்கினான்!

கடைசி வரிசையில் ஒரு குரல். அவள். வருவதாகச் சொல்லவே இல்லையே.

"நாள் பூரா ஊராரை அளவெடுக்குறேன். யாருக்கு எந்தத் தோள் இறக்கம்னு எனக்குத் தெரியும். நான் முடியை ஒதுக்குறது யாருக்காகவும் இல்லைங்க. நானும் இருக்கேனான்னு ஒரு தடவை பாத்துக்குறேன்."

இருபத்தாறு வருடமாக இவளிடம் கேள்வி கேட்கிறேன். ஒன்றுக்காவது பதில் வரும்வரை காத்திருந்தேனா? வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

மார்ச் 22
அவளுக்கும் ஒரு படிவம் வாங்கி வந்தேன். இந்த முறை மூக்குக் கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது, நான்தான் நிரப்பினேன். தொழில் என்ற கட்டம் வந்ததும் "என்ன எழுத?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

"தையல்" என்றாள். எழுதினேன்.

மெஷினை நிறுத்தினாள். படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"தையலுக்குப் பக்கத்துல இன்னொண்ணு எழுதக் கொஞ்சம் இடம் இருக்கா?"